ஏழு கூட்டங்களுக்கு விடுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம், முழங்காலைத் தவிர. நீயும் நலமாகத்தான் இருப்பாய். போன வாரம் போனில் உன் குரல் கணீரென்று இருந்தது, நான் டிரஸ்ட் பேச்சை எடுக்கும் வரைக்கும். எடுத்ததும் உனக்கு லைன் சரியில்லாமல் போய்விட்டது. அதற்கு முந்தைய வாரமும் அதே இடத்தில்தான் போனது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காது கேட்க வைத்த டாக்டருக்கு அக்கா பேசினால் மட்டும் காது கேட்பதில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கடிதத்துக்கு லைன் போகாது. முடிக்கும் வரை எழுந்திருக்காமல் படி.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டு மாடிக் குழாய் ஒழுகிச் சமையலறைச் சுவர் ஊறிப்போயிருந்தது. ஆள் வைத்துச் சரிசெய்தாயிற்று. சனிக்கிழமைதோறும் போய் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, சாயங்காலம் மூடிவிட்டு வருகிறேன். ஒரு வருஷம்தான் அக்கா என்று சொல்லிவிட்டு அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவன் நீ. வருகிற மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஜன்னல் திறந்து மூடுவது என் முழங்காலுக்கு நல்ல பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ஆடிட்டர் வந்தார். நீ சிவப்புப் பேனா என்று பெயர் வைத்தாயே, அவரேதான். கணக்கைப் பற்றி நான் கவலைப்படவில்லை. முப்பத்தோரு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவள் நான். பேட்டரி வாங்கிய சின்ன ரசீதைக்கூடக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்து, மற்ற டிரஸ்டுகளில் இப்படி இருந்தால் எனக்கு முடி நரைத்திருக்காது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் அவர் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டபோது யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பத்து நிமிஷம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, "மேடம், இவங்க தவறி ரெண்டு வருஷம் ஆகப்போகுதே. அன்னைக்கு நானே வந்திருந்தேனே. இவங்களுக்கு எப்படி ஏழு கூட்டத்துக்கு லீவு குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

உன் மனைவி பெயருக்கு எதிரே ஏழு முறை எழுதியிருக்கிறது. 'உடல்நிலை காரணமாக விடுப்பு கோரினார், வழங்கப்பட்டது.' என் குண்டு குண்டான எழுத்தில். ஐந்தாவது கூட்டத்தில் மட்டும் 'வெளியூர்ப் பயணம்' என்று இருக்கிறது. ஒரே காரணத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால் நன்றாக இருக்காது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியிருக்கிறது. என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

யார் எழுதச் சொன்னது என்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் உனக்கு நினைவிருக்கும். அவள் போன பிறகு நடந்த முதல் கூட்டம். நீ ஊரை விட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. வருகைப் பதிவில் அவள் பெயர் வந்ததும் எனக்குப் பேனா ஓடாமல், உன்னைப் போனில் கூப்பிட்டு என்ன போடட்டும் என்று கேட்டேன். "லீவுன்னு போட்டுடுக்கா, இந்த ஒரு தடவை" என்றாய். எழுதினேன். அந்த ஒரு தடவை ஏழு தடவையாகிவிட்டது. வங்கியில் ஒரு பொய்ப் பதிவுகூடப் போடாதவள், ஓய்வு பெற்ற பிறகு போட்டிருக்கிறேன்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீ கேட்பாய். சொல்கிறேன் கேள்.

காது கேளாத பிள்ளைகளுக்காக நம் டிரஸ்டை ஆரம்பிக்கும்போது வக்கீல் அண்ணன் எழுதிக் கொண்டுவந்த பத்திரத்தில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் இருந்தது. நீதான் ஒற்றைக் காலில் நின்றாய். நன்கொடை எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதைத் தவிர வேறு எதற்கும் செலவிடக் கூடாது, மாற்ற வேண்டுமென்றால் அறங்காவலர்கள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், ஒருவர் இடம் காலியானால் தலைவர் தன் கைப்பட எழுதி அறிவித்தால்தான் பெயரை நீக்கலாம் என்று எழுத வைத்தாய். தலைவராக நீ, அப்புறம் அவள், நான், வக்கீல் அண்ணன், ஆக நாலே நாலு பேர். அன்றைக்கு அவள் சிரித்தாள். நாலு பேரும் சேர்ந்து ஒரு சினிமாவுக்குப் போக இதுவரை முடிந்ததில்லை, எல்லாரும் கையெழுத்துப் போடணுமாம் என்று சொன்னாள். நீ அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு சிமென்ட்காரர் வந்தார். கடைசிக் காலத்தில் காது கேட்காமல் கஷ்டப்பட்ட தன் தாயின் நினைவாக அவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்தார். காது மெஷின் வாங்க மட்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். நீ படத்துக்கு நின்றாய். மெஷினைக் குழந்தையின் காதில் நிறுத்தும் மோல்டு எந்தப் பணத்தில் வாங்குவது, பிள்ளைகளின் காது வளர வளர அதை மாற்ற வேண்டுமே, பேட்டரிக்கு என்ன செய்வது, பேசக் கற்றுக்கொடுப்பவருக்கு யார் சம்பளம் தருவது என்று அன்றைக்கே கேட்டவள் அவள் ஒருத்திதான். அப்புறம் பார்க்கலாம் என்றாய். அந்த அப்புறம்தான் இப்போது என் தலையில் விடிந்திருக்கிறது.

பீரோவில் நூற்றுப் பன்னிரண்டு புது மெஷின் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. வங்கியில் சிமென்ட்காரர் பணம் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. அதை வைத்து இன்னும் மெஷின் வாங்கலாம். ஒரு பேட்டரிகூட வாங்கக் கூடாது. பொதுக் கணக்கில் இருப்பது இந்த மாத வாடகைக்குச் சரியாகப் போகும். நாலு மாதமாகப் பேட்டரி என் பென்ஷனில் வாங்குகிறேன். அதற்கும் சிவப்புப் பேனா ஒரு கோடு போட்டார்.

சிமென்ட்காரரை நேரிலேயே போய்ப் பார்த்தேன். அவர் கிடங்கில் உட்கார்ந்தால் புடவையெல்லாம் தூசு. நல்ல மனுஷன். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "நான் எங்கம்மா தடுத்தேன்? மோல்டு வாங்குங்க, சம்பளம் குடுங்க. உங்க டிரஸ்ட்ல எல்லாரும் கையெழுத்துப் போட்ட தீர்மானம் ஒண்ணு மட்டும் குடுத்துடுங்க. நாளைக்கு என் பசங்க கேப்பாங்க" என்றார். பார், பணம் கொடுத்தவருக்கு ஆட்சேபம் இல்லை. சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாரும் என்று நீ எழுதி வைத்தாயே, அந்த எல்லாரில் அவளும் இருக்கிறாள். நாலாவது கையெழுத்துக்கு நான் எங்கே போவேன்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் கையெழுத்து எனக்கு நன்றாகப் போட வரும். கடைசி எழுத்தை மேலே ஏற்றி ஒரு சுழி சுழிப்பாள். கிடங்கிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது, ரசீதின் பின்பக்கத்தில் ஒரு முறை போட்டும் பார்த்தேன். அசல் போலவே வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இந்த வயதில் என்னை இந்த அளவுக்குக் கொண்டுவந்து விட்டவன் நீ என்று உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இப்போதும் தணியவில்லை.

மாதக் கடைசிக்குள் புத்தகத்தைச் சரிசெய்யாவிட்டால் கையெழுத்துப் போட முடியாது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அவர் போடாவிட்டால் டிரஸ்டின் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். பதிவு இல்லாவிட்டால் வங்கிக் கணக்கை நிறுத்திவிடுவார்கள். கோர்ட்டுக்குப் போய் அவள் பெயரை நீக்கலாம், ஆனால் வருஷக் கணக்கில் ஆகும் என்கிறார் வக்கீல் அண்ணன். நீ ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றும் அவரே சொல்கிறார்.

கை வலிக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ரொம்பக் கடுமையாக இருக்கிறதோ என்று கிழிக்க நினைத்தேன். காலையில் நம் பேச்சுப் பயிற்சி சென்டருக்குப் போய் வந்த பிறகு கிழிக்கவில்லை.

பயிற்சி கொடுக்கும் பெண் ராஜினாமாக் கடிதம் வைத்திருந்தாள். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அவள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. மாதக் கடைசி வரை இருக்கிறேன் மேடம், அதற்கு மேல் வீட்டில் முடியாது என்றாள். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை, எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அப்போது டைலரின் மகள் வந்திருந்தாள். உனக்குத் தெரியும். கைக்குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கதவை ஓங்கி அறைந்தாலும் திரும்பாது. நீதான் பார்த்து மெஷின் எழுதிக் கொடுத்தாய். உன் மனைவி கடைசியாகப் பேசப் பழக்க எடுத்துக்கொண்ட பிள்ளை அது. இப்போது நாலு வயது. மோல்டு எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்தது, காது வளர்ந்துவிட்டது. உள்ளே நிற்காமல் மெஷின் கீச்சென்று கத்துகிறது. கத்தினால் அழுகிறாள், அதனால் தாய் அதை அணைத்துப் பையில் போட்டு வைத்திருக்கிறாள். போன வருஷம் தினமும் ஒரு புது வார்த்தை சொன்ன பிள்ளை, இந்த ஒரு மாதமாக ஒன்றும் புதிதாகச் சொல்வதில்லையாம். சொன்னதிலும் சில தேய்ந்துவிட்டதாம். அந்தத் தாய் என்னிடம் சண்டை போடவில்லை. பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொன்று. உன் மனைவி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும் என்று வாய்க்கு முன்னால் ஒரு அட்டையைப் பிடித்துக்கொள்வாளே. அட்டை டீச்சர் என்று பிள்ளைகளின் வீட்டார் அவளைச் சொல்வார்கள். டைலரின் அந்தக் குழந்தை இப்போது எதைச் சொன்னாலும் முதலில் தன் கையை எடுத்து வாயை மூடிக்கொள்கிறது. மூடிக்கொண்டுதான் 'தண்ணி' என்கிறது, 'வா' என்கிறது. பேசுவது என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பயிற்சி கொடுக்கும் பெண் அதை மாற்றப் பார்க்கிறாள். நான் வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றேன்.

தம்பி, அவள் பெயரை எடுத்துவிட்டால் அவள் போய்விடுவாள் என்று நீ நினைக்கிறாய். எனக்குத் தெரியாதா? அந்தப் புத்தகத்தில்தான் அவளை வைத்திருக்கிறாய். ஆனால் அங்கே அவள் லீவில் இருப்பதாக எழுதி எழுதி, அவள் உட்கார்ந்து வேலை செய்த அறையை நாம் இழுத்து மூடப்போகிறோம். லீவு போடுகிறவளா அவள்? ஜுரத்தோடு வந்து அட்டை பிடித்தவள். கடைசி மாதத்திலும் நாற்காலியில் தலையணை வைத்துக்கொண்டு வந்தாள். அவள் பெயருக்கு எதிரே ஏழு விடுப்பு. இதைப் பார்த்தால் உன்னையும் என்னையும் சும்மா விட்டிருப்பாளா?

சிமென்ட்காரரின் தாயை நாம் யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மாளுக்கு இரங்கல் தீர்மானம் போட்டோம். கட்டிடத்து வாட்ச்மேன் தவறியபோதும் போட்டோம், எழுந்து நின்று. இவளுக்கு இன்றுவரை போடவில்லை. லீவில் இருப்பவளுக்கு எப்படிப் போடுவது?

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வக்கீல் அண்ணன் வாசகத்தைச் சொன்னார். உன் கைப்பட இருக்க வேண்டும் என்பதால் அதைப் பார்த்து நீ தனியாக எழுதி, கையெழுத்திட்டு, மறு தபாலிலேயே திருப்பி அனுப்பு. புத்தகத்தில் நான் எழுதிய ஏழு பொய்க்கும் அடியில் என் பெயரிலேயே திருத்தம் எழுதுகிறேன். உன்னை இழுக்க மாட்டேன். எட்டாவது கூட்டத்தில் முதல் தீர்மானம் அவளுக்கு. இரண்டாவது மோல்டுக்கும் பேட்டரிக்கும் சம்பளத்துக்கும். முடிந்தால் நீயே வந்து நில். முடியாது, லைன் சரியில்லை என்றால் தாளையாவது அனுப்பு.

ஒழுங்காகச் சாப்பிடு. ஆஸ்பத்திரியிலேயே தூங்காதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன், திட்டும்போதும் சேர்த்து.

அந்த வாசகத்தில் எல்லாம் எழுதிவிட்டேன். அவள் இறந்த தேதி வர வேண்டிய இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். அதை நீதான் எழுத வேண்டும். மூன்று தாள் வீணாக்கிப் பார்த்தேன் தம்பி, எனக்கும் கை வரவில்லை.

உன்மேல் உயிராக இருக்கும்
அக்கா