துறைமுகத்தடித் தேத்தண்ணிக் கடை

ஓகஸ்ட் 9, சனி
சோளகக் காற்று ஓயவில்லை. குசினிக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆணி வாங்க வேண்டும்.
பாரிஸிலிருந்து லீவில் வந்திருக்கும் மருமகன் ஜெராட் புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறான். துறைமுகத்தடிப் பழைய தேத்தண்ணிக் கடையை மறுபடி திறந்துவிட்டார்களாம். அந்தக் கால அலங்காரம் அப்படியே இருக்கிறதாம். என்னையும் அக்காவையும் கூட்டிப்போக வேண்டுமாம்.
அக்கா: "அந்தக் கடைக்கோ? நான் வரேல்லை."
நான் போவேன். என்ன கூத்து என்று பார்க்க.

ஓகஸ்ட் 10, ஞாயிறு
பூசை முடிந்து போனோம். நிறக் கண்ணாடி யன்னல், சலவைக்கல் மேசை, தேக்குக் கதிரை, சுவர் நிறைய நிலைக்கண்ணாடி. அழகுதான், மறுக்கவில்லை. இந்த வயதில்தான் முதல் தடவை உள்ளே இருந்து பார்க்கிறேன்.
கடை இப்போது பழைய முதலாளியின் பேரனுடையது. லண்டன்காரன். வேட்டிக்கு மேல் பெல்ட். மேசை மேசையாக விளக்கம் வேறு. பக்கச் சுவரில் இருந்த சின்ன யன்னலைக் காட்டினான். அதில் பூச்சாடி.
"அவசரமாப் போற ஆக்களுக்கு அப்பப்பா இதாலதான் தேத்தண்ணி குடுத்தவர்."
அவசரமாம்.
"அவசரக்காரருக்கு இல்லை தம்பி. எங்களுக்கு. மீன்பிடிக்கிற ஆக்களை உள்ளுக்கு விடுறேல்லை. என்ர அய்யா அதில நிண்டு தகரப் பேணியில வாங்கிக் குடிச்சவர். அக்காவும் நானும் பக்கத்தில நிண்டனாங்கள்."
அவன் முகம் கறுத்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு போனை எடுத்தான்.
"அங்கிள், இதை வீடியோவில சொல்லுவீங்களோ? எங்கட பேஜில போட்டா நல்லாப் போகும்."
எழும்பி வந்துவிட்டேன்.
வழியில் ஜெராட்: "பாவம் மாமா, அவருக்கு என்ன தெரியும்?"
தெரியாதுதான். யாரிடமும் கேட்கவும் இல்லை. பூச்சாடி மட்டும் வாங்கியிருக்கிறான்.

ஓகஸ்ட் 11, திங்கள்
அக்காவிடம் சொன்னேன். மீனை வெட்டி முடித்தாள். வீடியோ என்றதும் மட்டும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.
ஆணி வாங்க மறந்தாயிற்று.

ஓகஸ்ட் 12, செவ்வாய்
பின்னேரம் வாசல் படலையில் அக்கா. நீலப் பட்டுச் சேலை, பவுடர்.
"வாடா, தேத்தண்ணி குடிப்பம்."
நடு மேசையில் போய் இருந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பெரிய கண்ணாடியில் தன்னை வடிவாகப் பார்த்தாள். பேரன் ஓடிவந்து ஏதேதோ பெயர் சொன்னான், ஏலக்காயாம், இஞ்சியாம்.
"பால் தேத்தண்ணி."
பூப்போட்ட கோப்பையில் வந்தது. அவன் நகரவில்லை. அக்கா ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.
"தம்பி, உள்ளுக்கு இருந்த ஆக்களும் இந்தத் தண்ணியைத்தானோ குடிச்சவை?"