பதினோரு மோட்டார், ஒரு டிரான்ஸ்பார்மர்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று ஓயவில்லை. பந்தலில் மேற்கு ஓரம் கம்பி தளர்ந்து கிடக்கிறது. திராட்சைக் காய் நீர் கோக்கிற நேரம். இந்த வாரம் தண்ணீர் தப்பினால் கொத்து சுண்டிப்போகும்.

செய்ய வேண்டியவை: கம்பி இறுக்க. மாட்டுக்குத் தவிடு. கூட்டத்தில் பேசுவதை மனப்பாடம் பண்ண.

கூட்டம் வியாழக்கிழமை, பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில். கரண்டுக்கு ஓர் ஆணையம், எரிவாயுவுக்கு ஓர் ஆணையம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்று என்று இருப்பதையெல்லாம் கலைத்துவிட்டு, நாடு முழுக்க ஒரே ஆணையமாக தில்லியில் வைக்கலாமா என்று யோசனையாம். கருத்துக் கேட்க வருகிறார்கள். எனக்கு நாட்டைப் பற்றிக் கவலை இல்லை. எங்கள் மனுவைப் பற்றித்தான் கவலை. ஒரே டிரான்ஸ்பார்மரில் பதினோரு தோட்டத்து மோட்டார். இரண்டாவது ஒன்று கேட்டு நடையாய் நடந்து, இப்போதுதான் சென்னை ஆணையத்தில் விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள். மனுதாரர் நான். அதைக் கலைத்துவிட்டால் மனு என்ன ஆகும்? தில்லியில் யாரிடம், என்ன பாஷையில், மறுபடி முதலிலிருந்து சொல்ல?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டிவிட்டு வந்த அலுப்பு அவருக்கு. "கம்பமெட்டு ஏறி எறங்குறதுக்கே எனக்கு உசுரு போகுது. நீ டில்லிக்குக் கெளம்புறியாக்கும்" என்று சிரித்தார். தட்டை நங்கென்று வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

சாரல். மண்கூட நனையவில்லை.

காலையில் முறை சரியாக நடந்தது. மோட்டாருக்கான மூணு பேஸ் கரண்ட் வந்ததும் மேட்டுத் தோட்டத்துக்காரர் முதலில் போடுவார். மோட்டார் எடுத்து ஓட ஆரம்பித்ததும் ஒரு சத்தம் கொடுப்பார். அடுத்து பால்ச்சாமி, அடுத்து நான். இப்படிக் கீழே வரைக்கும். யாரும் ஆட்டோ சுவிட்சில் போடக்கூடாது. ஆட்டோவில் போட்டால் ஆளே வேண்டாம், கரண்ட் வந்த நொடியில் மோட்டார் தானாக எடுக்கும். பதினொன்றும் ஒன்றாக எடுத்தால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. அதற்காகத்தான் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினோம். கரண்ட் ஆபீசில் கேட்டால், "நீங்க ஆட்டோவுல போடுறீங்க, அதான் பியூஸ் போகுது" என்று ஒரே பாட்டு. நாங்கள் போடுவதில்லை. எங்கள் மனுவே அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

அப்படியும் மதியம் பியூஸ் போனது. லைன்மேன் முத்துக்குமார் வந்தான். நல்ல பையன், கூப்பிட்ட குரலுக்கு வருவான். பால்ச்சாமி அவனை விடவில்லை. பால்ச்சாமி எனக்குக் கொழுந்தன் முறை, பக்கத்துத் தோட்டம், வாய் நீளம்.

"ஏலே முத்து, கொஞ்சம் தடிச்ச கம்பியாக் கட்டிவிடுறா. வியாழக்கிழமை ஒருத்தரும் இங்கன இருக்க மாட்டோம்."

"வேணாம்ணே. பாத்தாகன்னா என் சோத்துல மண்ணு."

"யாருடா பாக்கப் போறாக?"

முத்து என்னைப் பார்த்தான். "கட்டு தம்பி" என்றேன். கட்டினான். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான்.

ஜூலை 9, புதன்

பேச மூன்று நிமிடம்தானாம். மாட்டுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். அது அசை போட்டது. 

கரண்ட் மோசம். பாதித் தோட்டம்கூடப் பாயவில்லை. மேற்கு வரிசையில் இலை தொங்குகிறது. தவிடு வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 10, வியாழன், காலை

வேனுக்குக் காத்திருக்கிறேன். பதினோரு பேரும் போகிறோம். கூட்டம் காட்டினால்தான் மதிப்பு.

முறை போட இன்று ஆள் இல்லை. அப்படியென்றால் தண்ணீரும் இல்லை. கிளம்புமுன் தோட்டத்துக்குப் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து சுவிட்சை ஆட்டோவில் தள்ளிவிட்டுப் பூட்டினேன். எழுதவே கை கூசுகிறது. ஆனால் என் ஒரு மோட்டார்தானே? மற்ற பத்தும் இன்று ஓடாது. டிரான்ஸ்பார்மருக்கு வலிக்கவே வலிக்காது.

பால்ச்சாமி வெள்ளை வேட்டி, சென்ட். என்றைக்கும் இல்லாமல் முதல் ஆளாய் வந்து நிற்கிறார்.

அதே நாள், சாயங்காலம்

எங்கே ஆரம்பிக்க.

மண்டபம். மேடையில் தில்லி அதிகாரிகள் இருவர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். ஆண்டிபட்டிக்காரர் ஒருவர், காற்றாலை வைத்திருப்பவர், ஒன்றாக்கச் சொன்னார். "இதுக்கு ஒரு ஆபீஸ், அதுக்கு ஒரு ஆபீஸ்னு எத்தனை வாசல்லங்க நிக்கிறது? ஒரே வாசலா இருந்தா ஒரே கும்பிடோட போயிருமே." கைதட்டல். எரிச்சலாக இருந்தது, ஆனால் ஆள் சொன்னதில் நியாயம் இருந்தது.

பிறகு நான்.  சொன்னேன். ஒரு டிரான்ஸ்பார்மர், பதினோரு மோட்டார். "எங்க முறை எங்களுக்குத்தான் தெரியும். சென்னைக்குச் சொல்லிப் புரிய வைக்கவே இத்தனை காலம் ஆச்சு. டில்லிக்கு எப்பச் சொல்லி முடிக்க? நாங்க ஒருத்தர்கூட ஆட்டோவுல போடுறதில்லைங்க. கட்டுப்பாடு." குரல் கணீரென்று வந்தது, அதுதான் கொடுமை. மேடையில் மூத்தவர் ஏதோ கேட்டார். யார் கண்காணிக்கிறார்கள் என்று மொழிபெயர்த்தார்கள். "ஒருத்தரை ஒருத்தர் நாங்களே பாத்துக்கிடுவோம்" என்றேன். அதற்கும் கைதட்டல். எங்கள் ஆட்கள் யாரும் தட்டவில்லை. பயத்தில் அப்போது அது உறைக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும்போது வீட்டுக்காரர் போன். ஜீப்பில் திரும்பும் வழியில் பார்த்திருக்கிறார். "டிரான்ஸ்பார்மர் பொகையுது. எண்ணெய் ஒழுகிக் கெடக்கு. நீங்க ஒருத்தரும் இல்லாம எப்படி எரிஞ்சது?"

வேனில் ஒருவர்கூட "எப்படி?" என்று கேட்கவில்லை. இறங்கியதும் அவரவர் தோட்டத்துக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். என் பெட்டிக்கு முன்னால் பால்ச்சாமி, வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சு வாங்க. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் பெட்டிச் சாவி ஒன்றை அவரிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

"உங்கதையும் மேனுவலுக்குத் திருப்பிட்டேன் மதினி. பயப்படாதீக."

"என்னதையும்னா?"

"என்னுதும்தான். மேட்டுத் தோட்டமும்தான். கீழ எல்லாரும் இப்பத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்காக."

பதினொன்றும். ஒவ்வொருத்தரும் "நான் ஒருத்தன்தானே" என்று. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 

"ஒரு வகையில நல்லதுதான் மதினி. லோடு தாங்காம எரிஞ்சு போச்சுன்னு மனுவுல சேத்துரலாம்" என்றார். அந்த நேரத்தில் எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். காற்று. தண்ணீர் இல்லை. மேற்கு வரிசை போனது மாதிரிதான்.

கரண்ட் ஆபீசிலிருந்து உதவிப் பொறியாளர், ஏ.இ. மேடம் வந்தார். சின்ன வயது, சிரிக்காத முகம். பின்னால் முத்துக்குமார், முகம் செத்துப்போய். மேடம் பியூஸைக் கழற்றச் சொல்லி, கம்பியைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"சரியான கம்பி இருந்திருந்தா பியூஸ் மட்டும் போயிருக்கும். டிரான்ஸ்பார்மர் தப்பிச்சிருக்கும். நீ கட்டுனதா?"

"ஆமா மேடம்."  யார் கட்டச் சொன்னது என்று சொல்லவே இல்லை.

எங்களிடம் திரும்பினார். "நேத்து மண்டபத்துல கடைசி வரிசையில நானும் இருந்தேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம்னு சொன்னீங்க. யாராவது ஆட்டோவுல போட்டிருந்தீங்களா?"

"இல்ல மேடம்." பல குரல். நான் வாய் திறக்கவில்லை.

"அப்ப இவன் தப்பு மட்டும்தான். சஸ்பென்ட்தான் ஆவான்."

முத்துக்குமார் யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தான். செவ்வாய்க்கிழமை பார்த்த அதே பார்வை. மோர் டம்ளர் ஞாபகம் வந்தது.

"ஒரு நிமிசம் இங்கன வாங்க மேடம்" என்றேன். என் பெட்டியைத் திறந்தேன். சுவிட்சை ஆட்டோவுக்குத் தள்ளினேன். "நேத்து இப்படித்தான் இருந்துச்சு. நான் போட்டது. தடிச்ச கம்பியும் நாங்க கெஞ்சிக் கட்ட வச்சது. அவன் மாட்டேன்னுதான் சொன்னான்."

"மதினி, மனு!" பால்ச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு.

தெரியும். தெரிந்துதான் சொன்னேன். 

மேடம் என்னையே பார்த்தார். "மனுதாரரே நீங்கதானேம்மா?"

"ஆமா."

"ஒரு மோட்டாருக்கு இது எரியாது. மத்தவங்க?"

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், பந்தலைப் பார்த்தார்கள். பத்துப் பெட்டியும் பூட்டிக் கிடந்தன. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அவரவர் சத்தியம், அவரவர் சாவி. மேடம் நாளைக்கு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். ஜீப் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "சரி, சாப்பிடு" என்றார்.

ஜூலை 12, சனி, காலை

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கம்பி இறுக்கப் போனேன். போகிற வழியில் பால்ச்சாமியின் பெட்டி ஆவென்று திறந்து கிடந்தது. சுவிட்ச் ஆட்டோவில், மேடம் வந்து பார்க்கட்டும் என்கிற மாதிரி. ஆளைக் காணோம்.

மேட்டுத் தோட்டம் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.