என் பாயிண்டில் பறந்தவன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

இந்த விடுமுறைக்கு நான் வரவில்லை, பதறாதே. கிரெடிட் கார்டில் மூன்று வருடமாகச் சேர்த்த பாயிண்டுகளை டிக்கெட்டாக்கப்போவதாகச் சொன்னேனே. என் அறையிலிருக்கும் எலக்ட்ரீஷியன், "கடைக் கூப்பனா மாத்தினா பாதிகூடத் தேறாது. என் ஏர்லைன் கணக்குல போடு, என்னோடதும் சேர்ந்தா ரெண்டு டிக்கெட் வரும்" என்றான். நம்பிப் போட்டேன்.

நேற்று அவன் பெட்டியைத் தூக்கி டாக்ஸியில் வைத்ததே நான்தான். "உனக்கு அடுத்த வாரம்" என்றான். விமானம் ஏறியபின் செய்தி அனுப்புகிறான்: "மன்னிச்சுக்கோ மச்சான். ரெண்டு டிக்கெட்டும் எனக்குத்தான், போக ஒண்ணு, வர ஒண்ணு."

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு. நான் வாங்கிய செருப்பு போன வருட அளவு.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. உனக்கு நான் கொடுத்தனுப்பிய மூக்குக்கண்ணாடி அவன் பெட்டியில் இருக்கிறது; கொண்டுவந்தால் வாங்கிக்கொள். தண்ணீர் கொடு. உட்காரச் சொல்லாதே.