பொனட்டில் ஒட்டிய கம்பளி நூல்கள்

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் பாண் வாங்கப் பட்டினத்துக்குப் போனேன். பேக்கரி வாசலில் ஒரு புதுச் சிவப்புக் கார் வந்து நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. பொனட்டில் கொம்பனியே வெட்டி வைத்த கீறுகளுக்குள்ளால் ஆவி எழும்பியது. காரிலிருந்து இறங்கிய இளந்தாரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான்தான் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கிட்டப் போய், அந்தக் கீறுகளுக்கு மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடான காற்று கையில் அடித்தது. "என்ன அங்கிள், கார் வாங்கப் போறியளோ?" என்று அவன் சிரித்தான். "ஓம், விலை கேட்கத்தான் நிக்கிறன்" என்றேன். உன்னைப் பற்றி அவனுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

எங்கள் கார் இவ்வளவு வடிவில்லை. ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்து விற்ற வெள்ளை டீசல் கார். எனக்குச் சோறு போட்ட வாடகைக் கார். கிண்ணியாத் துறையடியில் வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டிருந்த நீ, அதைப் பார்க்கவென்றே பாதைப் படகேறிக் கடல் கடந்து பாலையூற்றுக்கு வருவாய். "வள்ளத்து எஞ்சினுக்குத் தண்ணிக்குப் பஞ்சமில்ல. இது பாவம் மச்சான், நெஞ்சுக்குள்ள அடுப்ப வெச்சிக்கிட்டு ஓடுது" என்பாய்.

அடுப்பு என்று நீ சொன்னது டர்போவை. புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அந்தச் சாமான் மலையேற்றத்தில் நல்ல உழைப்பாளிதான். ஆனால் பழுக்கச் சூடேறும். காரை நிறுத்தினால் கொஞ்ச நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஆற்ற வேண்டும். சட்டென்று நிறுத்தினால் சூடெல்லாம் பொனட்டுக்குள் அடைபட்டுத் தண்ணீர் கொதிக்கும். அந்தச் சண்டை நாளில் ரோட்டு நெடுக இருந்த ஆமிச் சென்றிகளில் ஆற்றுவதற்கு யார் விட்டார்கள்? துவக்கோடு நிற்பவன் நிறுத்து என்றால் நிறுத்தத்தான் வேண்டும். பொனட்டைத் திறக்கச் சொன்னால் ஊரே முகம் சுழிக்கும். திறந்து கிடக்கும் நேரத்தில் எஞ்சின் ஆறுமென்று நீ ஒருவன்தான் சந்தோஷமாக ஓடிப்போய்த் திறப்பாய். "செக் பண்ணட்டும் மச்சான், ஆறுதலா செக் பண்ணட்டும்" என்று என் காதுக்குள் சொல்வாய்.

அப்போதுதான் என் மனைவியின் நெஞ்சு வால்வு சுருங்கிப்போனது. கண்டி ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பஸ்ஸில் போனால் ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி நடக்க வேண்டும், அவளால் ஏலாது. காரில் புறப்பட்டோம். சூடு காட்டும் ஊசி ஏறியதால் ஏசியை நிறுத்த வேண்டியதாயிற்று. எஞ்சின் வெக்கை காலடியால் உள்ளே வந்தது. அவள் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். கந்தளாய் தாண்டி ஒரு சென்றியில் எஞ்சினை நிறுத்தியதோடு சரி, தண்ணீர் கொதித்து வழிந்தது. பிறகு கார் அசையவில்லை. நெல் லொறியொன்றில் அவளைப் படுக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். வேறொரு நாள் குறித்துக் கொடுத்த டொக்டர், இந்த முறையும் தவறினால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்லிவிட்டார்.

"பொனட்ட வெட்டுவம்" என்றாய் நீ.

கலியாண வீட்டுக்காரர் பூக்கட்டி ஓட்டுகிற கார். நான் தயங்கி நிற்க, கதிரையில் சாய்ந்திருந்த அவள்தான் சொன்னாள்: "என்னைக் கண்டிக்குக் கொண்டு போறதுக்கு வடிவு என்னத்துக்கு? வெட்டுங்கோ அண்ணை."

புகைக்கூடு அடுப்புக்கு நேர் மேலேதானே இருக்கும் என்ற கணக்கில், டர்போவுக்கு மேலே, முன்கண்ணாடிக்குக் கிட்ட வெட்டினோம். வாசலில் நிறுத்திப் பார்த்தபோது வெக்கை குபுகுபுவென்று வெளியே வந்தது. உன் முகத்தில் ஒரு பெருமை! சீனக்குடா தாண்டி ஓடிப் பார்த்தால் ஊசி முன்பைவிட மேலே. நல்ல பொனட்டைப் பாழாக்கினதுதான் மிச்சம் என்று நான் கத்தினேன். நீ வீட்டுக்கு வந்து, அவளுடைய கம்பளி நூலைக் கேட்டு வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, பொனட் முழுக்க ஒரு நுனியை மட்டும் ஒட்டினாய். "வள்ளத்துப் பாய்க்கு முன்னுக்கும் பின்னுக்கும் காத்து ஒரே மாதிரியா அடிக்குது? அது எங்கால போகுதெண்டு நூல் சொல்லும்."

வீட்டுக்குள் இருந்து அலுத்துப்போன அவளும் பின் சீற்றில் ஏறிக்கொண்டாள். தம்பலகாமத்துச் சென்றியில் மறித்து, இது என்ன நூல் என்று கேட்டார்கள். ஐந்து வேளையும் தொழுகிற நீ, பின்னால் இருக்கிற நோனாவுக்குச் சுகமில்லை, சல்லி அம்மன் கோயில் நேர்த்தி நூல் என்று சிங்களத்தில் அளந்துவிட்டாய். அந்த ஆமிப் பொடியன் பின்னால் எட்டி அவளைப் பார்த்தான். பொனட்டைத் தொடாமலே போகச் சொன்னான். அவள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "அம்மாளாச்சி உங்களைச் சும்மா விடமாட்டா அண்ணை." "அவட்ட நான் கதைச்சிக்கிறன் தங்கச்சி. நீங்க நூலப் பாருங்க."

பார்த்தோம். கண்ணாடிக்குக் கிட்ட இருந்த நூல்கள் ஓட்டைக்குள் நுழைந்து கிடந்தன. கண்ணாடியில் முட்டிய காற்று அதற்குள்தான் புகுந்து, வெக்கையை வெளியே வரவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் ஒட்டிய நூல்களோ மேலே எழும்பித் துடித்தன. "அங்கதான்!" என்று டாஷ்போட்டில் அடித்தாய்.

அந்தக் கிழமை ஊர் குழம்பியது. உன் ஆட்களுக்கும் என் ஆட்களுக்கும் இடையில் சண்டை, கடையடைப்பு. இனி நீ வரமாட்டாய் என்றே நினைத்தேன். நீ வந்தாய், தகரத்தையும் வெட்டிரும்பையும் சாக்கில் சுற்றிக்கொண்டு. பழைய ஓட்டையை அடைத்து, நூல் காட்டிய இடத்தில் பின்பக்கம் பார்க்க வாய் வைத்துக் கீறுகள் வெட்டினாய். மழைத்தண்ணீர் எஞ்சினில் விழாமல் கீழே ஒரு பீலியும் வைத்தாய். ஓடிப் பார்க்க நேரமில்லை, வழியுமில்லை. பாதைப் படகு நிற்பதற்குள் போக வேண்டுமென்று அவசரப்பட்ட நீ, படலையடியில் நின்று சொன்னாய்: "ஊசி எங்க நிண்டதெண்டு வந்து சொல்லு மச்சான். அது தெரியாட்டி எனக்கு நித்திர வராது."

அவளோடு தனியாகப் புறப்பட்டேன். ஒரு கண் ஊசியில், ஒரு கண் அவள் நெஞ்சில். சென்றிக்குச் சென்றி எஞ்சினை நிறுத்தினேன், கீறுகளால் வெக்கை போனது, திரும்பவும் எடுத்தேன். ஹபரணைக்கு முன்பே ஏசிக் குளிரில் அவள் தூங்கிவிட்டாள். குறித்த நாளில் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேர்த்தேன். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது.

ஊர் திரும்பி அவளை வீட்டில் விட்டதும் நேரே பாதையடிக்கு ஓடிப் படகேறினேன். அக்கரையில் உன் தம்பி நின்றான். என்னைக் கண்டதும் தலைகுனிந்தான். நாங்கள் கண்டியில் இருந்தபோது நீ போன பஸ் கண்ணிவெடியில் அகப்பட்டிருந்தது. யார் வைத்தது என்பதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கதை சொன்னார்கள். அடக்கம் செய்தும் நாளாகிவிட்டது. எனக்குச் சொல்லி அனுப்ப வழி இருக்கவில்லை. உன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனிடம் அந்த நேரத்தில் ஊசியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பிறகும் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டவன் நீ அல்லவா?

அவள் இன்றும் இருக்கிறாள். உனக்கு மட்டுமே உரிய அந்தப் பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

நடுவிலதான் நிண்டது, மச்சான். மலையேறேக்கையும் நடுவிலதான் நிண்டது. நீ நித்திரை கொள்.