தலை ஆடியும் தடிக் குழாயும்

16-7-65, வெள்ளி

சாரல். செம்புக் குழாய்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறினேன். கண்டக்டர்: "அண்ணாச்சி, காவடின்னா பண்பொழி முருகன் கோயில் வண்டியில்லா ஏறணும்!" பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறு வழி?

சம்பந்தி வீடு. மகள் கோமதிக்குக் கல்யாணமாகி முதல் ஆடி. அழைத்துப்போகப் போன வாரம் கேட்டபோதே சொல்லிவிட்டார்கள். சம்பந்தியம்மா: "மெட்ராஸ்லருந்து வந்த ஏர்கண்டிஷன மாட்டிக் குடுங்க. நாலு நாள் ஓடட்டும், பெறவு கூட்டிட்டுப் போங்க." பிரிஜ் மெக்கானிக் சம்பந்தியாகக் கிடைத்தால் விடுவார்களா.

மிஷின் புறவாசலில். குளிர்காற்றுப் பெட்டி படுக்கையறையில். நடுவே இரண்டு குழாய். சன்னக் குழாயைச் சும்மா விடலாம். தடிக் குழாயில் வாயு ஜில்லென்று திரும்பும். மூடாவிட்டால் வியர்த்துக் கொட்டும். தக்கை அட்டை சுற்றித் தார் பூசணும். அட்டை மதுரையிலிருந்து வரணும். ஆடி காத்திருக்குமா? இலவம்பஞ்சு வைத்துத் துணி சுற்றித் தைத்து மிஷினை ஓடவிட்டேன். மெத்தை தைக்கிற மூளை எனக்கு.

18-7-65, ஞாயிறு

சாரல் விடவே இல்லை. பஞ்சு ஈரம் குடித்திருக்குமோ? சவரத்தில் கன்னம் இரண்டு இடத்தில் கீறல். மனைவி: "அந்தப் பஞ்சுல கொஞ்சம் ஒங்க மூஞ்சில ஒட்டுங்க." மகள் வருகிறாள் என்று அதிரசத்துக்கு மாவு இடிக்கிறாள். நான் வாசலில் நின்று சாரலைப் பார்க்கிறேன்.

20-7-65, செவ்வாய்

ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஓடினேன். படுக்கையறைச் சுவரெல்லாம் தண்ணீர். கட்டில் மெத்தை தொப்பல். குற்றாலத்துக்கு இன்னோர் அருவி, என் உபயம்.

சம்பந்தியம்மா: "ஏட்டி கோமதி, பஞ்சு வைக்கச் சொன்னது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி: "நான்தான் அத்தே. அப்பா தக்கைதான் வேணும்னு சொன்னாவ. நான்தான் அவசரப்படுத்துனேன்."

"அம்மா வீட்டுக்குப் போற அவசரமோ? தக்கை வரட்டும், மெத்தை காயட்டும். ஆடிக்குப் போறத பெறவு பாப்போம்."

கோமதி என் பக்கம் திரும்பவில்லை. ஈரப் பஞ்சை வாளியில் அள்ளினாள். நானும் குனிந்து அள்ளினேன். என்னிடம் மட்டும் சம்பந்தியம்மாவுக்கு மரியாதை: "நீங்க காப்பி குடிங்க அண்ணாச்சி."

குடித்தேன். காப்பியோடு சேர்த்து விழுங்கியது:

பஞ்சு வச்சது என் யோசன. பிள்ளைய அனுப்பி வைங்க.