சீமைக்குப் போகாத தலைவாசல் கதவு

கொல்லம் 1099, ஐப்பசி 4, ஞாயிறு

விடாத மழை. கொப்பரை உள்ளே எடுத்தாச்சு. ஒரு கடவப் பெட்டி அளவு பூஞ்சை பிடித்துவிட்டது. கடைவாய்ப் பல் வலி.

மகன் சிவதாணு திருவனந்தபுரத்திலிருந்து படம் வரைகிற ஐயா ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் குடை ஒழுகித் தரை நாசம். லண்டனில் பெரிய பொருட்காட்சியாம். நாட்டுக்கு நாடு வீடு கட்டி நிறுத்துவார்களாம். நம் தலைவாசல் நிலையையும் ஆஞ்சிலி மரக் கதவையும் கழற்றிக் கப்பலில் ஏற்ற வேண்டுமாம்.

"திரும்பி வருமா?"

"வராம எங்க போவும்? ராஜாக்கமாரெல்லாம் வந்து பாப்பாவ, அம்மா. நமக்கு எம்புட்டுப் பேரு!" என்றான்.

பேர் எனக்கும் பிடிக்கும். மாமனார் தச்சனுக்கு வருஷம் முழுக்கச் சோறு போட்டுச் செதுக்கின கதவு. இந்த ஊரில் வேறெவர் வீட்டில் உண்டு? ஆனாலும் அந்த ஐயா கதவைத் தடவிய தடவல் சரியில்லை. மாடு வாங்க வந்தவன்போல.

ஐப்பசி 5, திங்கள்

மழை விட்டது. அளவெடுப்பு. அங்கே கதவுக்கு மேல் பலகையில் என்ன எழுதுவார்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கடைசியில் "ஹட்".

"ஹட்டுன்னா வீடு, அம்மா" என்றான் சிவதாணு. என் முகத்தைப் பார்க்காமல்.

பல்லுக்குக் கிராம்பு.

ஐப்பசி 7, புதன்

மகன் குளிக்கப் போன நேரம். ஐயாவுக்குச் சுக்குக் காப்பி கொடுத்துக் கேட்டேன். மறைக்கத் தெரியாத மனுஷன்.

"குடிசைன்னு அர்த்தம், அம்மா. அங்கே அப்படி எழுதினாத்தான் கூட்டம் வரும்."

குடிசை! என் தலைவாசல்!

அதோடு போகவில்லை. குடிசைக்குப் பொருத்தமாக வாசல்படியில் ஓர் ஆள் உட்கார வேண்டுமாம், இடுப்பில் துண்டோடு. நம் வயலில் உழும் காளியிடம் பேசியே முடித்துவிட்டாராம். நம் முற்றத்தில்கூடக் கால் வைக்கக் கூடாத காளி!

கதவு போகாது என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

"அது யாரு வீட்டுக் கதவுன்னு லண்டன்ல யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா, மக்கா."

ஐப்பசி 8, வியாழன்

நல்ல வெயில். கொப்பரை வெளியே. ஐயா வண்டியேறினார். மகன் சாப்பிடவில்லை. பசித்தால் வருவான்.

காளி வந்தான். வழக்கம்போல வேலிக்கு அப்புறம் நின்றான்.

"கதவு போவலியா, நாச்சியாரே?"

"போவல."

"அங்க அந்தப் படியில நான் இரிக்கலாம்னு ஐயா சொன்னாவ. நெசமா?"

"நெசந்தான்."

கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னத்துக்கு அப்படிப் பார்க்கிறான்?

பகலிலேயே உள்தாழ்ப்பாள் போட்டேன்.