சொன்னது சொன்னபடி

ஜூன் 11, 2025, புதன்
நேற்று கடை வாசலில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டியை எவனோ எடுத்துப் போய்விட்டான். இன்று மதியம் நைட்டிக் கடையைப் பூட்டிவிட்டு, நானும் என் வீட்டுக்காரர் அன்சாரும் புகார் மனுவோடு ராஜபாளையம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. மனுவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஒன்று கேட்டான். அதை இங்கே எழுதக் கை வரவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேசையில் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.
என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். "வா, போவோம்" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 12
தூக்கமே இல்லை. வண்டி போனால் போகட்டும். புகார் கொடுக்கப் போனவள் நான், குற்றவாளியா? ரெண்டு பிள்ளை பெத்தவளப் பாத்து — பெத்தா என்ன, பெறாட்டா என்ன? அவன் யாரு கேக்க?

ஜூன் 16
ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் கருத்தையா அண்ணனிடம், எஸ்.பி.க்கு மனு. 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று அடித்தார்.
"அப்படி வேண்டாம்ண்ணே. அவன் சொன்னத அப்படியே அடிங்க."
"முப்பது வருசமா இப்படித்தான் தாயி அடிக்கேன். பொம்பளை மனுவுல அதெல்லாம் அசிங்கம்."
"அசிங்கம் அவன் வாயிலயா, என் மனுவுலயா?"
நான் சொல்லச் சொல்ல அடித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 3
ஸ்டேஷனிலிருந்து ஒருத்தர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மனுவை வாபஸ் வாங்கினால் வண்டிக்கு உடனே எஃப்.ஐ.ஆர். போடுவதாகச் சொன்னாராம்.
"விட்டுரு ஃபரீதா. நாளைக்கும் நாம இங்க கடை நடத்தணும்லா?"
"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் ஏன் மனு எழுதப் போறேன்?"
சாப்பாட்டுத் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். போகட்டும்.

ஜூலை 20
இவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
எஸ்.பி.க்குக் கொடுத்த மனு மீது ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரணை. அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "தகாத வார்த்தைன்னு போட்டுக்கலாமேம்மா."
"என்ன வார்த்தைன்னே தெரியாம என்ன தண்டனை குடுப்பீங்க சார்?"
எதிரே எஸ்.ஐ. செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். சொன்னேன். "'எவன்கூடப் படுத்துட்டு வண்டியக் குடுத்துட்டு வந்த?' இதான் அவரு கேட்டது."
அடுத்து இவரைக் கூப்பிட்டார்கள். என்ன சொல்வார்? எனக்கு நம்பிக்கையே இல்லை.
"எம் பொண்டாட்டி சொன்னது அம்புட்டும் உண்மை சார். நான் பயந்துபோய் நின்னேன். அதையும் எழுதிக்கோங்க."
அதற்குப் பிறகு அந்தப் பெண் போலீஸ். பெயர் மாரீஸ்வரி. "நானும் கேட்டேன் சார்" என்றாள். எஸ்.ஐ. அப்போதுதான் செல்போனை வைத்தான்.
பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ராஜபாளையம் வரும்வரை விடவில்லை.

நவம்பர் 21, வெள்ளி
எஸ்.பி. ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டது. குற்றச்சாட்டு நிரூபணம். ஓராண்டு சம்பள உயர்வு நிறுத்தம். இவ்வளவுதானா? அதே ஸ்டேஷன், அதே நாற்காலி. மன்னிப்பு என்று ஒரு சொல் உண்டா? ஆனால் அவன் கேட்டது முழுசாக, ஓர் எழுத்துக் குறையாமல், அரசாங்கத் தாளில் அவன் பெயரோடு இருக்கிறது. மூன்று தடவை படித்தேன்.

டிசம்பர் 2
மாரீஸ்வரி சுடிதாரில் கடைக்கு வந்தாள். வேறு மாவட்டத்துக்கு மாற்றல் போட்டுவிட்டார்களாம்.
"பிள்ள மூணாப்பு படிக்கா அக்கா. பாதி வருசத்துல எங்க கொண்டுபோய்ச் சேக்க?"
கேவலமாகப் பேசியவனுக்கு அதே ஊர். உண்மையைச் சொன்னவளுக்கு மாற்றல்!
"நீ மேலிடத்துக்கு எழுதிக் குடுத்தா என்ன?"
"வேலையே போயிரும் அக்கா."
நைட்டிகளை மடித்துக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்தார். "நீ எழுத வேண்டாம்மா. மனித உரிமை ஆணையத்துக்கு நாங்க எழுதுதோம்."
வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். நான் பேனாவை நீட்டுவதற்குள், தன் பேனாவால் அனுப்புநர் என்று போட்டு, தன் பெயரை எழுதினார். அதன் கீழே கடை முகவரியை.